கேத்தல் அடியில் படியும் வெள்ளையும் தொட்டியில் சாகும் மீனும்

வாசகர் கடிதம்

ஐயா, நாங்கள் யாழ்ப்பாணத்துப் புத்தூரில் இருக்கிறோம். வளவுக்குள் 20 அடி நீளம், 12 அடி அகலத்தில் சீமெந்துத் தொட்டி கட்டி இப்போது 800 திலாப்பியா வைத்திருக்கிறோம். தண்ணீர் 3 அடி நிற்கும். மீன் ஒவ்வொன்றும் இப்போது 150 கிராம் அளவில். கணவர் கடைக்குப் போவதால் தொட்டி என் பொறுப்பு. நாளொன்றுக்கு 4 கிலோ மிதக்கும் தீனி போடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கால்வாசித் தண்ணீரைக் கிணற்றிலிருந்து மாற்றுவேன். மூன்று கிழமைக்கு முன் வேறொரு இடத்திலிருந்து 200 குஞ்சு வாங்கி இதற்குள்ளேயே விட்டோம். பன்னிரண்டு நாளுக்கு முன் வலை இழுத்து 30 கிலோ பிடித்து விற்றோம். இப்போது ஐந்து நாளாகத் தினமும் ஆறு, ஏழு மீன் செத்து மிதக்கிறது. செட்டை அடியிலும் வயிற்றிலும் இரத்தப் புள்ளி. சிலதில் செதில் கழன்று புண். இரண்டு மூன்று மீன் கண் பிதுங்கிச் சுற்றிச் சுற்றி நீந்துகின்றன. கோழிப்பண்ணை வைத்திருக்கும் அண்ணா ஒக்சிரெற்றாசைக்கிளின் தூள் பைக்கற் ஒன்று தந்து தொட்டியில் கரைக்கச் சொன்னார். பக்கத்து வளவுக்காரர் யூரியூப்பில் பார்த்துவிட்டுச் சுண்ணாம்பு போடச் சொல்கிறார். எதைப் போட? நல்ல மீனை விற்கலாமா, சமைக்கலாமா? மாமி, முந்தி மழைக்குப் பிறகு குளத்து விராலுக்கு வந்த புண்தான் இது என்கிறா.

பதில்

சகோதரி, அண்ணா தந்த பைக்கற்றைப் பிரிக்காமல் வைத்திருங்கள். சுண்ணாம்பைத் தொட்டிப் பக்கமே கொண்டுவர வேண்டாம். இரண்டுக்கும் காரணம் உங்கள் குசினியிலேயே இருக்கிறது.

தேத்தண்ணிக்குக் கொதிக்க வைக்கும் கேத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படை பிடித்திருக்கும். நகத்தால் சுரண்டினால் செதில் செதிலாகக் கழரும். அது நம்முடைய சுண்ணாம்புக்கல் நிலத்துத் தண்ணீர் விட்டுப்போகும் கல்சியம். புத்தூர்க் கிணறுகளில் இது தாராளம். சவர்க்காரம் நுரைக்காததும் இதனால்தான். ஒக்சிரெற்றாசைக்கிளின் கல்சியத்தையும் மக்னீசியத்தையும் கண்டால் கட்டிப்பிடித்துக்கொள்ளும் பற்றீரியா எதிர்ப்பு மருந்து. இந்த இனத்துக் குளிசையைப் பாலோடு விழுங்க வேண்டாம் என்று வைத்தியர்கள் சொல்வதும் இதற்காகத்தான். கல்சியத்தோடு சேர்ந்த மருந்து மீனுக்குள் போகாது. மென்மையான மழைத்தண்ணீரில் ஓரளவாவது வேலை செய்யக்கூடியது, கேத்தலில் வெள்ளை படியவைக்கும் தண்ணீரில் கரைத்தால் காசைக் கரைத்தது போலத்தான்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துச் சொல்லவில்லை. மாடு, ஆடு பார்த்துக்கொண்டிருந்த மிருக வைத்தியன் நான். மீனுக்கு வந்த புதிதில் வலிகாமத்தில் ஒரு தோட்டக்காரரின் தொட்டிக்கு இதே தூளை நானே கொட்டச் சொன்னேன். அடுத்த நாள் போய்ப் பார்த்தால் தண்ணீர் கடும் சாயத் தேத்தண்ணி நிறம், மேலே நுரை. மீன் முதல் நாளைவிடக் கூடவே செத்திருந்தது. அவர் ஒன்றும் பேசவில்லை, பெட்டியில் இருந்த மிச்சப் பைக்கற்றுகளை எடுத்து என் கையில் தந்தார். அவ்வளவுதான்.

இனிச் சுண்ணாம்பு. யூரியூப்பில் சொல்பவர் பொய் சொல்லவில்லை. அவர் பேசுவது புளித்த மண்ணில் வெட்டிய குளங்களைப் பற்றி. அங்கே சுண்ணாம்பு வேண்டும். இங்கே நிலமே சுண்ணாம்பு. நம் தண்ணீரின் பிஎச் (புளிப்பா காரமா என்று காட்டும் எண், 7 நடு) இயல்பிலேயே 7 ஐத் தாண்டி நிற்கும். தொட்டி பச்சை பிடித்தால் வெய்யில் ஏறிய பின்னேரத்தில் 9 வரைக்கும் போகும். அதற்கு மேல் சுண்ணாம்பும் போட்டால் என்ன நடக்கும் என்று சொல்ல, முதலில் அமோனியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். உங்கள் கடிதத்தை வாசித்ததும் நான் கடதாசியில் போட்ட கணக்கும் அதுதான்.

உங்கள் தொட்டியில் ஏறக்குறைய 20,000 லீற்றர் தண்ணீர். நீங்கள் போடுவது 4 கிலோ தீனி. தீனியில் 32 சதவீதம் புரதம் என்று வையுங்கள். மீன் தின்று செமித்து வெளியே விடுகிற அமோனியா நைதரசன் ஒரு நாளைக்கு 120 கிராம் அளவில் வரும். அதை 20,000 லீற்றருக்குப் பிரித்தால் லீற்றருக்கு 6 மில்லிகிராம். ஒரு நாளுக்கு மட்டும்! பாசியும் நல்ல பற்றீரியாவும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும் என்பது உண்மை. ஆனால் நீங்கள் தண்ணீர் மாற்றுவது ஏழு நாளுக்கு ஒருமுறை, அதுவும் கால்வாசி.

அமோனியா முழுவதும் நஞ்சில்லை. 30 பாகைச் சூட்டில், பிஎச் 7 என்றால் அதில் நூற்றுக்கு ஒரு பங்குகூட நஞ்சு வடிவில் இராது. பிஎச் 8 இல் அது ஏழெட்டுப் பங்கு. 9 இல் கிட்டத்தட்டப் பாதி. அதாவது காலையில் மீன் தாங்கிக்கொண்டிருந்த அதே தண்ணீர், பின்னேரம் மூன்று மணிக்கு அதன் பூவைச் சுடுகிற தண்ணீர். (பூ என்பது செவுள்தான், சந்தையில் ஆச்சிமார் தூக்கிப் பார்ப்பார்களே, அது.) சுண்ணாம்பு போட்டால் அந்தப் பின்னேரத்தை நாள் முழுவதும் வரவழைத்தது போலாகும். தொட்டியை வெறுமையாக்கி, அடுத்த முறைக்கு முன் சுவரிலும் தரையிலும் பூசிக் காயவிடுங்கள். சுண்ணாம்புக்கு நம் ஊரில் அதுதான் இடம்.

சரி, நோய் என்ன? நீங்கள் எழுதியதையும் அனுப்பிய படங்களையும் வைத்துப் பார்த்தால், ஒன்றல்ல, இரண்டு நோயாக இருக்கலாம் என்றே நினைக்கிறேன்.

செட்டை அடியில் இரத்தப் புள்ளி, செதில் கழன்ற புண், வால் நுனி பிய்ந்திருப்பது எல்லாம் ஏரோமோனாஸ் என்ற பற்றீரியா காட்டும் முகம். இது வெளியிலிருந்து வந்த எதிரி இல்லை. கிணற்றுக்கட்டு, குளம், தொட்டிச் சேறு, நல்ல மீனின் குடல் என்று நன்னீர் இருக்கிற இடமெல்லாம் இருக்கும். மீன் திடமாக இருக்கும்வரை கிட்ட வராது. பன்னிரண்டு நாளுக்கு முன் வலை இழுத்தீர்கள். வலையில் அடிபட்ட மீனின் மேல் வழுவழுப்பு உரிந்திருக்கும்; நமக்குத் தோல் உரிந்தது மாதிரி. அதற்குமேல் அமோனியா. போதாததற்கு இப்போது புரட்டாதி. சோளகம் விழுந்து விட்டது, வாடை இன்னும் தொடங்கவில்லை. தண்ணீரைக் கலக்கிவிட ஒரு பொட்டுக் காற்றில்லை. விடியப்புறம் ஐந்து மணிக்கு ரோர்ச் அடித்துப் பாருங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தால், இரவில் ஒட்சிசன் தீர்ந்துபோகிறது என்று அர்த்தம்.

கண் பிதுங்கிச் சுற்றுகிற அந்த இரண்டு மூன்று மீன்தான் என்னை யோசிக்க வைக்கிறது. அது ஸ்ரெப்ரோகொக்கஸ் என்ற வேறொரு பற்றீரியாவாக இருக்கலாம். சூடான தண்ணீரில் திலாப்பியாவுக்கு வரும் பெரிய நோய் இதுதான். மூளைக்குப் போய்விடுவதால் மீனுக்குத் திசை தெரியாமல் சுழலும், வளைந்து நிற்கும். குஞ்சைவிட வளர்ந்த மீனையே கூடுதலாகக் கொல்லும். இது புது மீனோடு வரக்கூடியது. ஆகையால் அந்த 200 குஞ்சைப் பழைய மீனோடு நேரே விட்டது தவறு. அடுத்த முறை எங்கிருந்து வாங்கினாலும், இரண்டு மூன்று கிழமை வேறு தொட்டியில், வேறு வாளி, வேறு அத்தாங்கு வைத்துப் பார்த்த பிறகு சேருங்கள்.

இரண்டையும் பிரித்து அறிய வேண்டியதற்குக் காரணம் மருந்து. அமொக்சிசிலின், அம்பிசிலின் வகை ஏரோமோனாஸை ஒன்றும் செய்யாது. அதற்குப் பிறவியிலேயே எதிர்ப்பு உண்டு. ஸ்ரெப்ரோகொக்கஸோ அதே வகைக்குப் பெரும்பாலும் பணியும். கண்ணால் பார்த்து யாரும், நான் உட்பட, இதைத் தீர்மானிக்க முடியாது. ஆய்வுகூடத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நாளைக் காலை செய்ய வேண்டியது இது.

தீனியை நிறுத்துங்கள். இரண்டு முழு நாள் ஒன்றும் போட வேண்டாம். பட்டினியால் செத்துவிடும் என்று பயப்படாதீர்கள், இந்த அளவுத் திலாப்பியா நாட்கணக்கில் தாங்கும். அமோனியா உண்டாகும் வாயை அடைக்க இதைவிட விரைவான வழி இல்லை. மூன்றாம் நாள் 1 கிலோவில் தொடங்கி, பத்து நிமிடத்தில் தின்று முடிக்கிறதா என்று நின்று பாருங்கள். மிஞ்சினால் வடித்து எடுத்துவிடுங்கள்.

அடியில் உள்ள சேற்றோடு சேர்த்து மூன்றில் ஒரு பங்கு தண்ணீரைக் குழாய் வைத்து உறிஞ்சி வெளியே விடுங்கள். மேல் தண்ணீரை வழியவிடுவதில் பயன் குறைவு, ஊத்தை கிடப்பது அடியில். மறுநாளும் அதே அளவு. புதுத் தண்ணீரை விடியக்காலையில் விடுங்கள். அந்த நேரம் தொட்டிக்கும் கிணற்றுக்கும் சூட்டு வித்தியாசம் குறைவு, மீனுக்கும் காற்று அப்போதுதான் அதிகம் வேண்டும். ஒரு விடயம் பலருக்குத் தெரியாது: கிணற்றுத் தண்ணீர் பார்க்கப் பளிங்கு போல இருந்தாலும் அதில் ஒட்சிசன் குறைவு. ஹோஸைத் தொட்டிக்குள் அமிழ்த்தி விட்டால் மூச்சு முட்டுகிற மீனுக்கு மூச்சில்லாத தண்ணீரைக் கொடுத்ததாகிவிடும். நாலு அடி உயரத்தில் ஒரு பழைய எண்ணெய்த் தகரத்தைக் கட்டி, அடியில் ஆணியால் துளைபோட்டு, அதற்குள் ஹோஸை விடுங்கள். மழை மாதிரிக் கொட்டும்போது காற்றை வாங்கிக்கொண்டு விழும்.

வெளியே விடும் தண்ணீர் நல்ல பசளை, வாழைப் பாத்திக்குப் போகட்டும். கிணற்றடியில் தேங்க விடாதீர்கள். நம் நிலத்தில் ஊற்றுவது நாளைக்குக் கிணற்றில் நிற்கும். யாழ்ப்பாணத்துக் கிணறுகளில் நைத்திரேற்று கூடிக்கிடப்பதற்கு நாமும் ஒரு வாளி சேர்க்க வேண்டுமா?

நோயாளி மீன்களுக்குக் கறுப்புத் தாங்கி ஒன்றை ஒதுக்குங்கள். 700 லீற்றர் தண்ணீருக்கு மூன்றரைக் கிலோ கல்லுப்பைக் கரைத்து, ஒரு காற்றுப் பம்பி போட்டு, புண் உள்ள மீன்களை அதற்குள் ஒரு கிழமை விடுங்கள். உப்பு பற்றீரியாவைக் கொல்லும் என்று நினைக்க வேண்டாம். புண்ணுள்ள மீன் தன் உடம்பு உப்பை இழந்துகொண்டிருக்கும். அந்தக் கஷ்டத்தைக் குறைக்கிறோம். இவை சோர்ந்த மீன்கள்தானே, சிறிய அத்தாங்கில் மெதுவாக அகப்படும். பெரிய வலையை இன்னும் ஒரு மாதத்துக்கு எடுக்கவே வேண்டாம். முழுத் தொட்டிக்கும் உப்புப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். லீற்றருக்கு 2 கிராம் வீதம் என்றாலும் 40 கிலோ வேண்டும். அந்தத் தண்ணீரைப் பிறகு எங்கே விடுவது? வெங்காயத் தறைக்குப் போனால் வெங்காயம் கருகும், வாழையும் தாங்காது. தாங்கி உப்புத் தண்ணீர் என்றால் தென்னைகளுக்குப் பரவலாக ஊற்றிவிடலாம்.

கண் பிதுங்கிச் சுழலும் மீன்களைத் தாங்கிக்கும் கொண்டுபோக வேண்டாம். அவை பிழைப்பதில்லை, மற்றவைக்குக் கொடுக்கும். ஆய்வுக்கு அனுப்புவதைத் தவிர மற்றவற்றை எடுத்துத் தலையில் ஒரு அடி. கடினமாக இருந்தால் கணவரைச் செய்யச் சொல்லுங்கள். செத்த மீனைக் காகமும் கொக்கும் தூக்குவதற்கு முன் நாளுக்கு இரண்டு முறை எடுத்து, காவோலை போட்டு எரித்துவிடுங்கள். புதைக்கத்தான் வேண்டுமென்றால் கிணற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, செம்மண் ஆழமாக உள்ள மூலையில். அந்தக் குழிக்கு நீறாத சுண்ணாம்பு போடலாம். பக்கத்து வளவுக்காரருக்கும் திருப்தி.

விற்கலாமா, சாப்பிடலாமா? சாவு நின்று இரண்டு கிழமை ஆகும்வரை விற்க வேண்டாம். சட்டத்துக்காகச் சொல்லவில்லை. புண்ணோடு ஒரு மீன் ஒரு வீட்டுக்குப் போனால், இருக்கவே இருக்கிறது, "குளத்து மீன் சேறு மணக்கும்" என்று கடல் மீனே கதியென்றிருக்கும் நம் சனம் அடுத்த பத்து வருடத்துக்குத் திலாப்பியா பக்கம் திரும்பாது. வீட்டில், புள்ளியோ புண்ணோ இல்லாத, துடிப்பான மீனைச் சமைக்கலாம். குழம்பில் கொதித்தால் இந்தப் பற்றீரியா எதுவும் மிஞ்சாது. 2015 இல் சிங்கப்பூரில் நன்னீர் மீனைப் பச்சையாகச் சாப்பிட்டவர்களுக்கு ஸ்ரெப்ரோகொக்கஸ் தொற்றிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நாங்கள் பச்சை மீன் தின்கிற ஆட்கள் இல்லை, அந்தப் பயம் வேண்டாம். ஆபத்து சட்டியில் இல்லை, கழுவுகிற கையில். திலாப்பியாவின் முதுகு முள் குத்தினால் இரண்டு பற்றீரியாவுமே காயத்துக்குள் போகும். றப்பர் கையுறை போடுங்கள். வீட்டில் நீரிழிவு உள்ளவர்கள் யாராவது இருந்தால், மாமி உட்பட, இந்த மீனை அரிய விட வேண்டாம். குத்திய இடம் சிவந்து வீங்கினால் வைத்தியரிடம் மீன் முள் குத்தியது என்று சொல்லியே காட்டுங்கள்.

மாமி சொன்ன விரால் புண் வேறு. 1980களின் கடைசியில் நாட்டின் பல குளங்களில் விராலும் கெண்டையும் புண் புண்ணாக மிதந்தன. அதைப் பிழையாக ஞாபகம் வைத்திருக்கவில்லை மாமி. அது பூஞ்சணம் போன்ற ஒரு உயிரால் வருவது, மழைக்குப் பிறகு தண்ணீர் குளிரும் காலத்தில் தலைதூக்கும். திலாப்பியா அதற்கு எளிதில் பணியாது.

தண்ணீர் திருந்தினாலே ஏரோமோனாஸ் சாவு நாலைந்து நாளில் குறையத் தொடங்கும். அப்படிக் குறைந்தால் மருந்தே தேவையில்லை. குறையாவிட்டால், ஆய்வுகூட முடிவைப் பார்த்து மருந்தைத் தீனியில் கலந்து கொடுக்க வேண்டும், வழக்கமாகப் பத்து நாள். அளவு மீனின் மொத்த நிறையைப் பார்த்து எழுதித்தருவது. கோழிக்கான பைக்கற்றில் அச்சடித்த அளவு மீனுக்குப் பொருந்தாது. தின்கிற மீனுக்குத்தான் மருந்து போகும், தின்னாமல் கிடப்பதை மறந்துவிட வேண்டியதுதான். ஒக்சிரெற்றாசைக்கிளின் கொடுத்தால், முடிந்த பிறகு மூன்று கிழமைக்கு ஒரு மீனும் சட்டிக்கோ சந்தைக்கோ போகக்கூடாது.

இனி உங்களுக்குப் பிடிக்காத கதை. 800 மீன் அந்தத் தொட்டிக்குக் கூட. 120 கிலோ மீன், காற்றுப் பம்பி இல்லை. என் கணக்கில் அது 45 கிலோ தாங்கும் தொட்டி, அதாவது இந்த அளவில் 300 மீன். மிச்சத்தை வைத்திருக்க வேண்டுமென்றால் தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அது புத்தூரில் முடியுமா? நிலாவரைக் கிணறு உங்கள் பக்கம்தானே. மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. நம் எல்லாக் கிணறுகளின் கதையும் அதுதான்: உப்பின்மேல் மிதக்கிற ஒரு படை நல்ல தண்ணீர். புரட்டாதிக் கடைசியில், மழைக்கு முன், மோட்டரை மணிக்கணக்கில் ஓடவிட்டால் கீழே உள்ளது மேலே வரும். உங்களுக்கு மட்டுமில்லை, பக்கத்துத் தோட்டத்துக்கும். அதனால் நோய் தீர்ந்து அந்த இரண்டு கிழமையும் கழிந்ததும் மீனைக் குறைத்து விற்றுவிட்டு, இரண்டாவது தொட்டியோ கரண்ட் போனாலும் ஓடுகிற காற்றுப் பம்பியோ வருமட்டும் 300 இல் நில்லுங்கள்.

ஆய்வுக்கு: செத்த மீன் உதவாது. இந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்தில் குடலிலிருந்த பற்றீரியா உடம்பெங்கும் பரவிவிடும். பிறகு எது நோய், எது அழுகல் என்று யாராலும் சொல்ல முடியாது. நோய்க்குறியுள்ள, இன்னும் உயிரோடிருக்கும் மீன் நாலைந்து வேண்டும், சுழலும் மீன் ஒன்றாவது அதில் இருக்கட்டும். பேராதனைக் கால்நடை மருத்துவ பீடத்தில் மீன் நோய் பார்க்கிறார்கள். முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டு, மீனைத் தனித்தனிப் பொலித்தீன் பையில் போட்டு, றெஜிபோம் பெட்டியில் ஐஸ்துண்டுகளுக்கு நடுவில் வைத்து இரவு பஸ்ஸில் அனுப்புங்கள். பிறிட்ஜின் மேல்தட்டில் உறைய வைக்க வேண்டாம். பெட்டிக்குள் ஒரு கடதாசியில் தண்ணீரின் பிஎச், தீனி அளவு, வலை இழுத்த நாள், குஞ்சு விட்ட நாள் எல்லாம் எழுதிவையுங்கள். பிஎச் தவிர மற்றவைக்கு எனக்கு எழுதிய கடிதத்தின் பிரதியே போதும். இன்னும் ஒரு மருந்தும் போடவில்லை என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கண்டி வீதியில் 320 கிலோமீற்றர், காலையில் போய்ச் சேரும். வெள்ளி இரவு மட்டும் அனுப்பாதீர்கள். சனியும் ஞாயிறும் பெட்டி பஸ் நிலையத்தில் கிடந்து ஐஸ் உருகிவிடும்.